ஃப்ரீ ட்ரையல்னு நம்பி டிக்கெட் போட்டீங்களா? வெட்டுன காசை திரும்ப வாங்குறது இப்படித்தான்

விடியக்காலை 4.40க்கு போன்ல ஒரு மெசேஜ். தூக்கக் கலக்கத்துல பார்த்தா என் கிரெடிட் கார்டுல இருந்து 74.99 யூரோ போயிருக்கு. யூரோவா? நான் இருக்கறது குரோம்பேட்டை. யூரோவுல நான் கடைசியா செலவு பண்ணது ஒரு மாசம் முன்னாடி, அண்ணனுக்கு குழந்தை பொறந்திருக்குன்னு அப்பா அம்மாவ பாரிஸ் அனுப்ப டிக்கெட் போட்டப்பதான். எந்திரிச்சு உக்காந்து பேங்க் ஆப்ப தெறந்தா, வியாபாரி பேருன்னு அந்த டிக்கெட் சைட்டோட பேர் மாதிரியே ஏதோ ஒண்ணு, அது பின்னாடி புரியாத நாலு எழுத்து.

அப்ப நான் செஞ்ச முதல் வேலையே தப்பு. பதட்டத்துல கஸ்டமர் கேருக்கு போன் போட்டு "இது நான் பண்ணதில்ல, யாரோ திருடிட்டாங்க, பிளாக் பண்ணுங்க"ன்னுட்டேன். அவங்களும் உடனே பிளாக் பண்ணிட்டாங்க. புது கார்டு வர ஒரு வாரம், அதுக்குள்ள கரண்ட் பில்லுல இருந்து எல்லாத்துக்கும் அல்லாட்டம். மூணு வாரம் கழிச்சு பேங்க்ல இருந்து ஒரு மெயில்: உங்க புகார் ஏத்துக்கப்படல. ஏன்னு கேட்டா, போன மாசம் இதே கடையில இதே கார்டுல நீங்களே டிக்கெட் வாங்கியிருக்கீங்க, அப்பவே மெம்பர்ஷிப்ல சேர்ந்ததா அவங்க ஆதாரம் அனுப்பிட்டாங்க, அப்புறம் எப்படி இது திருட்டு ஆகும்னு பதில்.

யோசிச்சு பார்த்தா பேங்க் சொன்னதுல தப்பில்ல. திருடன் வரல, நான்தான் கதவ தெறந்து விட்டிருக்கேன். அதனால இந்த மாதிரி காசு போனா பேங்க்ல "ஃபிராடு"ங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது. "சப்ஸ்கிரிப்ஷன் பிரச்சனை, சரியா சொல்லாம சேத்துட்டாங்க, முன்னாடி ஞாபகப்படுத்தாம காசு எடுத்துட்டாங்க, தெரிஞ்சதும் நான் கேன்சல் பண்ணிட்டேன்" அப்படின்னு சொல்லணும். இந்த ரெண்டும் பேங்க்ல வேற வேற டப்பாவுல போய் விழும், வேற வேற ரூல்ல முடிவாகும். நான் ரெண்டாவது ரவுண்டுல திருட்டுன்னு சொல்லாம, சப்ஸ்கிரிப்ஷன் பிரச்சனைன்னு கம்பெனிகிட்டயே சரியா கேட்டு காசு வாங்கிட்டேன். எப்படின்னு வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், காசு போனவங்க முழுசா படிங்க.

முதல்ல எப்படி மாட்டுனேன்னு சொல்லிடறேன், ஏன்னா நீங்களும் அப்படித்தான் மாட்டியிருப்பீங்க. விலை ஒப்பிடற சைட்ல தேடினேன், லிஸ்ட்ல மேல இருந்தது கேள்விப்படாத ஒரு வெளிநாட்டு ஏஜென்சி, ஏர்லைன்ஸோட சொந்த விலைய விட கம்மி. கிளிக் பண்ணி உள்ள போனா ரெண்டு விலை. ஒண்ணு பெருசா பச்சைக் கலர்ல மெம்பர் விலை, ஏற்கனவே செலக்ட் ஆகியிருக்கு. இன்னொண்ணு மங்கலான சாம்பல் கலர்ல சாதா விலை, 31 யூரோ ஜாஸ்தி. மெம்பர் விலைக்கு கீழ எறும்பு சைஸ் எழுத்துல "30 நாள் இலவசம், அதுக்கப்புறம் வருஷத்துக்கு 74.99 யூரோ, எப்ப வேணா ரத்து பண்ணலாம்". படிக்காம இல்லீங்க, படிச்சேன். 30 நாள் இருக்கே, அப்புறம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் விசா, இன்சூரன்ஸ், அம்மாவுக்கு ஸ்வெட்டர், அண்ணிக்கு ரெண்டு கிலோ மொளகாப்பொடின்னு ஓடுனதுல மெம்பர்ஷிப்பு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவங்க வியாபாரமே இந்த மறதியிலதான் ஓடுது.

சரி, கணக்கு பாருங்க. ஒரு யூரோ நூறு ரூபான்னு வச்சுக்கிட்டா 74.99 யூரோ கிட்டத்தட்ட 7,500 ரூபா. வெளிநாட்டு கரன்சின்னு பேங்க் போடற மார்க்கப், அதாவது கூடுதல் கட்டணம், என் கார்டுல 3.5 சதவீதம், அது 262 ரூபா. அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 47 ரூபா. மொத்தம் சுமார் 7,800 ரூபா. டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது 3,100. இந்த லட்சணத்துல நான்தான் வீட்ல கணக்கு பாக்கறவன்.

காசு எந்த வழியா போச்சுன்னு மொதல்ல பாருங்க

எல்லா சப்ஸ்கிரிப்ஷனும் ஒரே இடத்துல நிறுத்த முடியாது. எந்தக் குழாய் ஒழுகுதுன்னு தெரியாம எல்லா வால்வையும் திருகிட்டு இருக்காதீங்க.

மெசேஜ்ல ரூபாயா வேற கரன்சியான்னு பாருங்க. வேற கரன்சின்னா என்னை மாதிரி வெளிநாட்டு வியாபாரி நேரா கார்டுல கை வச்சிருக்கான். இதுல நிறைய பேருக்கு வர்ற சந்தேகம், ஓடிபியே வரலையே எப்படி எடுத்தாங்கன்னு. நம்ம ஊர் சைட்ல கார்டு போட்டா ஓடிபி மாதிரி இன்னொரு சரிபார்ப்பு கேட்டே ஆகணும், ஆனா நிறைய வெளிநாட்டு சைட்டுங்களால கார்டு நம்பரும் சிவிவியும் இருந்தா ஓடிபி இல்லாமலே எடுக்க முடியுது. ஓடிபி வரலைங்கறதால மட்டும் அது திருட்டுன்னு ஆகிடாது.

ரூபாயில போயிருந்தா, நம்ம ஊர் டிராவல் ஆப்பா இருந்தா, அது கார்டு மேல போட்ட இ-மேண்டேட்டா (தானா காசு எடுத்துக்கோன்னு நீங்க முன்னாடியே குடுத்த அனுமதி) இருக்கும், இல்லேன்னா யுபிஐல குடுத்த அதே மாதிரி அனுமதியான ஆட்டோபே. இது ரெண்டுலயும் நமக்கு பாதுகாப்பு நல்லாவே இருக்கு. 2021 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் பேங்க் ரூல்படி, தானா காசு எடுக்கறதுக்கு குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி பேங்க் உங்களுக்கு மெசேஜோ மெயிலோ அனுப்பணும், அதுலயே வேண்டாம்னு சொல்ல வழி இருக்கணும். 15,000 ரூபாய்க்கு மேலன்னா, இன்சூரன்ஸ் மாதிரி சில செலவுகள தவிர, ஒவ்வொரு தடவையும் ஓடிபியோ யுபிஐ பின்னோ வேணும். அந்த 24 மணி நேர மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும், ஆனா கடன் வேணுமான்னு கேக்கற நாப்பது மெசேஜுக்கு நடுவுல கெடக்கும், தேடிப் பாருங்க. வந்திருந்தா எந்தக் கம்பெனி, எந்த மேண்டேட்னு அதுலயே இருக்கும். வரவே இல்லேன்னா அதுவே உங்க புகாருக்கு ஒரு பாயிண்ட்.

யுபிஐன்னா நீங்க வச்சிருக்கற ஆப்ல, கூகுள் பே, போன்பே, எதுவா இருந்தாலும், உங்க ப்ரொஃபைலுக்குள்ள போனா ஆட்டோபேன்னு ஒரு இடம் இருக்கும். அதை தெறந்ததும் கொஞ்சம் அதிர்ச்சியா இருக்கும், சொல்லிட்டேன். எனக்கு அதுல எப்பவோ பாத்த ஒரு ஓடிடி, ஒரு யோகா ஆப், பஸ் டிக்கெட் போட்டப்ப சேர்ந்த ஏதோ ஒரு பாஸ்னு மூணு உயிரோட இருந்துச்சு. ஒவ்வொண்ணா தொட்டு ரத்து குடுத்து யுபிஐ பின் போட்டா முடிஞ்சது, கம்பெனிகிட்ட கெஞ்ச வேண்டியதில்ல. கார்டு மேண்டேட்டுக்கு உங்க பேங்க் ஆப்லயே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் இல்லேன்னா இ-மேண்டேட்னு தேடுங்க, நிறைய பேங்க்குங்க இதுக்குன்னு எஸ்ஐ ஹப்புன்னு தனி வெப்சைட்டுக்கு அனுப்பி விடுவாங்க, அங்க கார்டு நம்பர் போட்டா லிஸ்ட் வரும், அங்கயே நிறுத்தலாம்.

இன்னொரு வழி போன்ல ஆப் உள்ளயே மெம்பர்ஷிப் எடுத்திருந்தா. அது ப்ளே ஸ்டோர் வழியாவோ ஆப்பிள் ஐடி வழியாவோ போயிருக்கும், அங்க போய் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் லிஸ்ட்ல நிறுத்தணும். ஆப்ப டெலீட் பண்ணா போதும்னு என் மச்சான் ஒருத்தன் ஒரு வருஷம் நம்பிட்டு இருந்தான். ஆப் போயிடும், வெட்டறது போகாது.

கேன்சல் பண்றதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க

மெம்பர்ஷிப் பக்கம், எப்ப சேர்ந்தீங்க, எப்ப ட்ரையல் முடிஞ்சது, எவ்வளவு எடுத்தாங்க, எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. கேன்சல் பண்ண அப்புறம் சில சைட்ல அந்தப் பக்கமே காணாம போயிடும், அப்புறம் ஆதாரத்துக்கு எங்க போவீங்க. டிக்கெட் போட்ட அன்னைக்கு வந்த மெயில் எல்லாத்தையும் தேடி எடுங்க, ஸ்பேம்லயும் பாருங்க. முக்கியமா பாக்க வேண்டியது, ட்ரையல் முடியப் போகுதுன்னு ஏதாவது மெயில் வந்துச்சா இல்லையான்னு. இது பின்னாடி பெரிய ஆயுதம், சொல்றேன்.

லாகின் பண்ணப் போனா "எனக்கு அக்கவுண்டே இல்லையே"ன்னு தோணும். டிக்கெட் போடும்போது நீங்க குடுத்த மெயில் ஐடியில அவங்களே ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சிருப்பாங்க, அந்த மெயில போட்டு பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு குடுங்க, புது பாஸ்வேர்டுக்கு லிங்க் வரும். உள்ள போய் கேன்சல் பட்டன தேடறது தனி புதையல் வேட்டை. எனக்கு "என் பயணங்கள்"லயும் இல்ல, "பேமென்ட்"லயும் இல்ல, "என் சலுகைகள்"னு ஒரு இடத்துல அடியில இருந்துச்சு. அமுக்கினா நீங்க இழக்கப் போற நன்மைகள்னு ஒரு பக்கம், அடுத்து பாதி விலைக்கு இருங்கன்னு ஒரு பக்கம், அடுத்து ஏன் போறீங்கன்னு ஒரு பக்கம். ஒவ்வொண்ணுலயும் பளிச்சுனு இருக்கற பட்டன் "இருக்கேன்", மங்கலா கெடக்கறது "போறேன்". மங்கலானதையே அமுக்கிட்டு போங்க. கடைசில உறுதி பண்ற மெயில் வர்ற வரைக்கும் கேன்சல் ஆகலைன்னுதான் அர்த்தம்.

இது எல்லாம் தெரியாம நடக்கற விஷயம்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல அமேசான் ப்ரைம் மேல அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2023ல கேஸ் போட்டப்ப என்ன வெளிய வந்துச்சுன்னா, கேன்சல் பண்ற அந்த நீளமான வழிக்கு கம்பெனிக்குள்ளயே ஒரு பட்டப்பேர் வச்சிருந்தாங்களாம், படிச்சு முடிக்கவே முடியாத ஒரு பழைய கிரேக்கக் காவியத்தோட பேரு. அந்தக் கேஸ் 2025 செப்டம்பர்ல 250 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு.

மெம்பர்ஷிப்ப கேன்சல் பண்ணா டிக்கெட் கேன்சல் ஆயிடுமோன்னு பயந்து நிறைய பேர் பயணம் முடியட்டும்னு காத்திருந்து காசு விடறாங்க. பணம் கட்டி டிக்கெட் போட்டாச்சுன்னா அது வேற, மெம்பர்ஷிப் வேற. ஆனாலும் மனசு நிம்மதிக்கு ஏஜென்சி குடுத்த புக்கிங் நம்பர விட்டுட்டு ஏர்லைன்ஸோட ஆறு எழுத்து பிஎன்ஆர எடுத்து, ஏர்லைன்ஸோட சொந்த வெப்சைட்ல போட்டு, பேரும் டிக்கெட் நம்பரும் வருதான்னு பாத்துட்டு அப்புறம் கேன்சல் பண்ணுங்க. அங்க வந்துட்டா உங்க டிக்கெட் ஏர்லைன்ஸ்கிட்ட இருக்குன்னு அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் நம்பர கூகுள்ல தேடாதீங்க. தேடினா முதல்ல வர்றதுல போலி நிறைய இருக்கும். அவன் நல்லா பேசுவான், ரீஃபண்டு தரேன்பான், ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணுங்கன்னு சொல்லி உங்க ஸ்கிரீன பாத்துட்டே அக்கவுண்ட தொடச்சிடுவான். 7,800க்கு போய் 78,000 விட்டவங்க இருக்காங்க. டிக்கெட் மெயில்ல இருக்கற நம்பர், இல்லேன்னா லாகின் பண்ணி உள்ள இருக்கற சாட், அவ்வளவுதான். அப்படி ஏமாந்துட்டா அது நிஜமான திருட்டு, உடனே 1930க்கு போன் பண்ணுங்க.

காசு கேட்டு மெயில்

போன்ல பேசறதால பிரயோஜனம் இல்ல, பேசினது காத்தோட போயிடும். மெயில் போடுங்க, இங்கிலீஷ்லதான் போடணும், ஆனா கதை எழுதாதீங்க. என் முதல் மெயில்ல அப்பா அம்மா, அண்ணன் குழந்தை, நான் எவ்வளவு நல்லவன்னு ரெண்டு பக்கம் எழுதினேன். "எங்கள் கொள்கைப்படி" அப்படின்னு ஆரம்பிக்கற மூணு வரி பதில் வந்துச்சு. ரெண்டாவது மெயில் எட்டு வரி. புக்கிங் நம்பர், சேர்ந்த தேதி, காசு எடுத்த தேதி, தொகை. இந்த விலை செலக்ட் ஆகி இருந்தது நீங்க பண்ணது, நான் பண்ணது இல்லன்னு ஒரு வரி. காசு எடுக்கறதுக்கு முன்னாடி எந்த நினைவூட்டலும் வரலைன்னு ஒரு வரி. எடுத்த அப்புறம் மெம்பர்ஷிப்ப ஒரு தடவை கூட பயன்படுத்தல, இன்ன தேதியில கேன்சல் பண்ணிட்டேன், உறுதி மெயில் இணைச்சிருக்கேன்னு ஒரு வரி. ஏழு நாள்ல முழுத் தொகையும் அதே கார்டுக்கு வரலேன்னா பேங்க்ல இந்தத் தொகைக்கு மட்டும் டிஸ்ப்யூட் (இந்த வசூல ஏத்துக்கலைன்னு புகார்) போடுவேன்னு கடைசி வரி.

இதுல ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கு. "பயன்படுத்தல"ங்கறது ரொம்ப முக்கியம், காசு போன அப்புறம் அந்த மெம்பர் விலையில இன்னொரு டிக்கெட்டோ ஹோட்டலோ போட்டுட்டீங்கன்னா உங்க கேஸ் அங்கயே செத்துச்சு. நினைவூட்டல் விஷயம் இன்னும் பெருசு. விசா கார்டுல 2020 ஏப்ரல்ல இருந்து ஒரு ரூல்: ஃப்ரீ ட்ரையல் குடுத்து சேர்த்தவன், ட்ரையல் முடிஞ்சு முதல் காசு எடுக்கறதுக்கு குறைஞ்சது 7 நாள் முன்னாடி, ஆன்லைன்ல கேன்சல் பண்ற லிங்க்கோட உங்களுக்கு தகவல் அனுப்பணும். அனுப்பலைன்னா ரூல மீறினது அவன். என் கார்டு விசா. இந்த ஒரு வரிய எழுதினதுக்கு அப்புறம்தான் பதிலோட தொனியே மாறுச்சு, "நல்லெண்ண அடிப்படையில்" முழு 74.99 யூரோவையும் திருப்பித் தர்றோம்னாங்க. ஒன்பது நாள்ல வந்துச்சு. மார்க்கப்பும் அதோட ஜிஎஸ்டியும் வரல, அந்த 309 ரூபாய எனக்கு பாடம் எடுத்த ஃபீஸ்னு விட்டுட்டேன்.

பாதி தர்றோம், இல்லேன்னா அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தர்றோம்பாங்க. வவுச்சர் வாங்காதீங்க. அத பயன்படுத்த திரும்ப அந்த சைட்டுக்கே போகணும், போனா திரும்ப அதே பச்சை விலை.

கம்பெனி மசியலேன்னா பேங்க்

இப்பத்தான் பேங்க். டிஸ்ப்யூட் ஃபார்ம்ல காரணம் கேக்கும்போது "நான் செய்யாத பரிவர்த்தனை"ய டிக் பண்ணிடாதீங்க, அதத்தான் நான் முதல்ல பண்ணேன். "ரத்து செய்த சந்தா" இல்லேன்னா "தவறான தகவல் தந்து வசூல்" மாதிரி எது இருக்கோ அது. கேன்சல் உறுதி மெயில், ஸ்கிரீன்ஷாட், அவங்களுக்கு போட்ட மெயில், அவங்க மறுத்த மெயில் நாலையும் இணைங்க. இந்த மாதிரி டிஸ்ப்யூட்டுக்கு பொதுவா 120 நாள் வரைக்கும் டைம் இருக்கும், ஆனா உங்க பேங்க் தனக்குன்னு இன்னும் சின்ன கெடு வச்சிருக்கலாம், அதனால ஒரு மாசத்துக்குள்ள போடறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு ரொம்ப கவனமா. டிக்கெட் காசும் மெம்பர்ஷிப் காசும் ஒரே வியாபாரி பேர்ல ரெண்டு என்ட்ரியா இருக்கும். கோவத்துல ரெண்டையும் டிஸ்ப்யூட்ல போட்டீங்கன்னா ஏஜென்சி டிக்கெட்டையே ரத்து பண்ணிட வாய்ப்பு இருக்கு, அப்புறம் அப்பா அம்மா ஏர்போர்ட்ல பெட்டியோட நிப்பாங்க. மெம்பர்ஷிப் தொகைய மட்டும் போடுங்க.

புகார் குடுத்து 30 நாள்ல பேங்க் பதிலே சொல்லலேன்னா, இல்ல சொன்ன பதில் சரியில்லேன்னா, ரிசர்வ் பேங்கோட ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற அமைப்பு, இருக்கு, ஆன்லைன்லயே புகார் போடலாம், 14448ல விவரம் கேக்கலாம். ஆனா அங்க போறது பேங்க் செஞ்ச தப்புக்கு, 24 மணி நேர மெசேஜ் அனுப்பல, மேண்டேட்ட ரத்து பண்ணியும் எடுத்தாங்க, அந்த மாதிரி. டிராவல் கம்பெனி ஏமாத்துச்சுன்னு அங்க போய் அழுதா வேலைக்காகாது.

கம்பெனி மேல புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். பேசும்போது "டார்க் பேட்டர்ன்"னு சொல்லுங்க, நம்மள ஏமாத்தி கிளிக் பண்ண வைக்கற வெப்சைட் தந்திரத்துக்குத்தான் அந்தப் பேர். 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறை போட்டு 13 வகை தில்லாலங்கடிய லிஸ்ட் போட்டிருக்கு, அதுல சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்னே ஒண்ணு இருக்கு. கேன்சல் வழிய ஒளிச்சு வைக்கறது மட்டும் இல்ல, ஃப்ரீன்னு சொல்லிட்டு அதுக்கே கார்டு விவரமோ ஆட்டோ டெபிட் அனுமதியோ கேட்டு கட்டாயப்படுத்தறதும் அதுல வருது. நீங்க கேக்காத ஒண்ண கூடையில தானா சேத்து விடறது இன்னொரு வகை. இன்சூரன்ஸ் வேணாம்னா "நான் பாதுகாப்பில்லாமலே இருக்கேன்"னு உங்க வாயாலயே சொல்ல வைக்கற பட்டன், அதுவும் ஒரு வகை, அந்த நெறிமுறையிலயே ஃப்ளைட் டிக்கெட் சைட்ட வச்சுத்தான் அதுக்கு உதாரணம் குடுத்திருக்காங்க. எழுதினவர் யாரோ நம்மள மாதிரியே டிக்கெட் போட்டு நொந்தவர் போல. இந்தியாவுல விக்கிற வெளிநாட்டு பிளாட்ஃபார்முக்கும் இது பொருந்தும். நம்ம ஊர் கம்பெனின்னா 1915ல புகார் பதிவானதும் பெரும்பாலும் இறங்கி வந்துடறாங்க. வெளிநாட்டுக் கம்பெனின்னா என் அனுபவத்துல பேங்க் டிஸ்ப்யூட் போடுவேன்னு சொல்றதுதான் நிஜமான அடி.

நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாமான்னு கேட்டா, போடலாம், நீங்க இருக்கற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூட கிடையாது. ஆனா 7,800 ரூபாய்க்காக வெளிநாட்டுல இருக்கறவனுக்கு நோட்டீஸ் அனுப்பி வாய்தாவுக்கு அலையறது எனக்கு சரியா படல.

ஐரோப்பாவுல இருக்கற நம்மாளுங்களுக்கு

அண்ணன்கிட்ட இந்தக் கதைய சொன்னா அவன் சிரிக்கறான், அவனும் போன வருஷம் மாட்டியிருக்கான். ஆனா அங்க சட்டம் நம்ம பக்கம் கொஞ்சம் பலமா இருக்கு. பிரான்ஸ்ல 2023 ஜூன் 1ல இருந்து ஆன்லைன்ல சேர முடிஞ்சத ஆன்லைன்லயே சுலபமா ரத்து பண்ண வழி வைக்கணும், மூணு கிளிக்னு பேச்சு வழக்குல சொல்றாங்க. ஜெர்மனியில 2022 ஜூலை 1ல இருந்து ரத்து பட்டன் வெப்சைட்ல கண்ணுக்கு தெரியற மாதிரி இருக்கணும். கார்டுல இல்லாம பேங்க் அக்கவுண்ட்ல இருந்து நேரா, செபா டைரக்ட் டெபிட்ங்கற ஐரோப்பிய முறையில எடுத்திருந்தா 8 வாரத்துக்குள்ள காரணமே சொல்லாம பேங்க்ல திரும்ப வாங்கலாம். லண்டன் பக்கம் இருக்கறவங்க, கார்டுல தொடர்ந்து எடுக்கறத நிறுத்துன்னு பேங்க்கிட்ட சொன்னா பேங்க் நிறுத்தியே ஆகணும், போய் கம்பெனிகிட்ட கேளுன்னு தட்டிக் கழிக்க முடியாது.

அப்புறம் 2023 அக்டோபர்ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கு: ட்ரையல்ல சேரும்போதே, இது பின்னாடி இவ்வளவு காசாகும்னு தெளிவா சொல்லலேன்னா, காசு சந்தாவா மாறின அப்புறமும் விலகறதுக்கு புதுசா 14 நாள் உரிமை உண்டு. தெளிவா சொல்லியிருந்தா சேர்ந்தப்ப கெடச்ச அந்த ஒரு 14 நாள்தான். அதனால சேர்ந்த பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட் அங்க தங்கம்.

அடுத்த தடவை டிக்கெட் போடும்போது

விலை ஒப்பிடற சைட்ல தேடுங்க, தப்பில்ல, ஆனா எந்த ஃப்ளைட்னு முடிவு பண்ண அப்புறம் ஏர்லைன்ஸோட சொந்த சைட்லயும் ஒரு தடவை விலை பாருங்க. ஆயிரம் ரெண்டாயிரம் வித்தியாசம்னா நான் இப்ப ஏர்லைன்ஸ்லயே போட்டுடறேன், தேதி மாத்தணும்னா ரெண்டு பேர்கிட்ட தொங்க வேண்டியதில்ல.

ஏஜென்சிலதான் போடணும்னா பே பண்ற பக்கத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. ரெண்டு விலை இருக்கா? எது ஏற்கனவே செலக்ட் ஆகியிருக்கு? ட்ரையல், மெம்பர், பிளஸ், கிளப், இந்த மாதிரி வார்த்தை எங்கயாவது இருக்கா? இருந்தா மேல நான் போட்ட கணக்க போட்டுப் பாருங்க. சில சமயம் மெம்பர் விலை நிஜமாவே லாபம்தான், குடும்பத்தோட நாலு டிக்கெட் போட்டா தள்ளுபடியே பெருசா வரும், அப்ப சேருங்க, ஆனா டிக்கெட் ஏர்லைன்ஸ் சைட்ல தெரிஞ்சதும் அன்னைக்கே மெம்பர்ஷிப்ப கேன்சல் பண்ணிடுங்க. கேன்சல் பண்ணாலும் ட்ரையல் முடியற வரைக்கும் சலுகை இருக்கும்னு நிறைய இடத்துல போட்டிருப்பாங்க. சேர்ற முன்னாடி விதிமுறையில ஒண்ணு மட்டும் தேடுங்க, சீக்கிரம் விலகினா தள்ளுபடிய திரும்ப வாங்குவோம்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு. இருந்தா சாதா விலையிலயே போட்டுடுங்க.

நம்ம ஊர் ஆப்ல வேற மாதிரி தூண்டில். "1 ரூபாய்க்கு ட்ரையல்"னு யுபிஐல காசு கேக்கும், நாமளும் ஒரு ரூபாதானேன்னு பின்ன தட்டிடுவோம். தட்டறதுக்கு முன்னாடி பின் கேக்கற ஸ்கிரீன படிங்க. மேல 1 ரூபான்னு இருக்கும், அதுக்கு கீழ அதிகபட்சம் இவ்வளவு, மாசம் ஒரு தடவை, இன்ன தேதி வரைக்கும்னு இருக்கும். நான் பாத்த ஒண்ணுல அதிகபட்சம் 4,999, முடியற தேதி பல வருஷம் கழிச்சு. அந்த ஸ்கிரீன்ல நீங்க ஒத்துக்கறது ஒரு ரூபாய்க்கு இல்ல, அந்த 4,999க்கு.

கார்டுல இன்டர்நேஷனல் பயன்பாட்ட பேங்க் ஆப்லயே ஆஃப் பண்ணி வைக்கலாம், தேவைப்படும்போது ஆன் பண்ணி, டிக்கெட் போட்டதும் ஆஃப் பண்ணிடலாம். 2020 அக்டோபர் 1ல இருந்து எல்லா பேங்க்கும் இந்த சுவிட்ச குடுத்தே ஆகணும், புது கார்டு வரும்போதே இன்டர்நேஷனல் ஆஃப்லதான் வரும், நாமதான் ஒரு அவசரத்துக்கு ஆன் பண்ணிட்டு மறந்துடறோம். இது தூங்கும்போது காசு போறத தடுக்கும், ஆனா மெம்பர்ஷிப் கேன்சல் ஆனதா ஆகாது, அவன் அங்க பாக்கின்னு எழுதி வச்சுட்டு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுவான். அதனால சுவிட்ச் ஆஃப் பண்ணது போதும்னு இருந்துடாம கேன்சலும் பண்ணுங்க.

காசு திரும்ப வந்ததும் விட்டுடாதீங்க, அடுத்த ரெண்டு ஸ்டேட்மென்ட்ட பாருங்க. வருஷ சந்தான்னா அடுத்த வருஷம் அதே தேதிக்கு பத்து நாள் முன்னாடி போன் காலண்டர்ல ஒரு அலாரம் போட்டு வைங்க. நானும் வச்சிருக்கேன், காலை எட்டு மணிக்கு. 4.40க்கு இன்னொரு தடவை எந்திரிக்க தெம்பில்ல.